செக்யூரிட்டிக்கு என்ன அதிகாரம்? வாசலில் நிற்பவரின் கடமையும் எல்லையும்

ஒரு கடையில் வாடிக்கையாளர் ஒருவரின் கையைச் செக்யூரிட்டி பிடித்து நிறுத்தும் வீடியோ பரவினால் போதும், பார்ப்பவர்கள் உடனே இரண்டு கட்சியாகிவிடுகிறார்கள். "தடுக்க இவர் யார், போலீஸா?" என்று கேட்கிறது ஒரு கட்சி. "அவர் தன் டியூட்டியைத்தானே பார்த்தார்?" என்கிறது இன்னொன்று. இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் சட்டம் என்ன சொல்கிறது என்று யாரும் நின்று பார்ப்பதில்லை.

இதனால் இரு தரப்புக்கும் அடி விழுகிறது. செய்யாத திருட்டுக்காகக் கடையின் பின்னறையில் உட்காரவைக்கப்பட்டவர், தனக்கு எழுந்து போகும் உரிமை இருந்ததா என்று தெரியாமலே வீடு திரும்புகிறார். மேனேஜர் சொன்னார் என்று ஒருவரைப் பூட்டி வைத்த செக்யூரிட்டி, நாளை தன் பெயர்தான் எஃப்.ஐ.ஆரில் வரும் என்று தெரியாமல் நிற்கிறார். இந்தியச் சட்டப்படி ஒரு தனியார் பாதுகாவலர் எதைச் செய்யலாம், எதைச் செய்ய வேண்டும், எங்கே நின்றுவிட வேண்டும் என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

யாரைப் பற்றிப் பேசுகிறோம்?

மால், மருத்துவமனை, வங்கி, அடுக்குமாடிக் குடியிருப்பு, திருமண மண்டபம் என எங்கும் நிற்கும் செக்யூரிட்டிகளுக்கான மத்தியச் சட்டம், 2005-ஆம் ஆண்டின் தனியார் பாதுகாப்பு முகமைகள் ஒழுங்குமுறைச் சட்டம். ஏஜென்சி நடத்துபவர்கள் பேச்சில் 'பசாரா' என்பார்கள். ஏஜென்சி நடத்த வேண்டுமென்றால் பசாரா லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸ் இல்லாமல் நடத்தினால் ஓராண்டு வரை சிறை, அல்லது ரூ.25,000 வரை அபராதம், அல்லது இரண்டும்.

தனியார் பாதுகாப்பு என்பது அரசு ஊழியர் அல்லாத ஒருவர், ஆட்களையோ சொத்தையோ காப்பதற்குத் தரும் சேவை என்கிறது இந்தச் சட்டம். 'அரசு ஊழியர் அல்லாத' என்பதுதான் இங்கே உயிர்நாடி. விமான நிலையத்தில் உங்களைத் தடவிச் சோதிக்கும் சி.ஐ.எஸ்.எஃப். வீரர் மத்திய அரசின் படையைச் சேர்ந்தவர்; அவருக்கு 1968-ஆம் ஆண்டின் தனிச் சட்டம் இருக்கிறது. ரயில் நிலையத்து ஆர்.பி.எஃப். வீரருக்கு 1957-ஆம் ஆண்டுச் சட்டம். மால் வாசலில் அதேபோல மெட்டல் டிடெக்டரோடு நிற்பவர் இவர்களில் ஒருவர் இல்லை. கையில் இருக்கும் கருவி ஒன்றாக இருக்கலாம், பின்னால் இருக்கும் சட்டம் வேறு.

அதிகாரம் எங்கிருந்து வருகிறது?

ஊருக்குப் போகும்போது பக்கத்து வீட்டுக்காரரிடம் சாவியைக் கொடுத்து, வீட்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறோம். நம் வீட்டு வாசலுக்கு வருபவரை அவர் யாரென்று விசாரிக்கலாம், உள்ளே விட மறுக்கலாம். திருடன் வந்தால் சத்தம் போடலாம், பிடிக்கவும் பார்க்கலாம். ஆனால் தெருவில் போகிறவரை நிறுத்திப் பையைத் திறக்கச் சொல்ல அவரால் முடியாது, ஏனென்றால் அந்த உரிமை நமக்கே கிடையாது. நம்மிடம் இல்லாததை அவருக்கு எப்படிக் கொடுக்க முடியும்?

செக்யூரிட்டியின் நிலையும் இதுதான். அவருடைய அதிகாரம் இரண்டே இடங்களிலிருந்து வருகிறது. ஒன்று, இடத்தின் உரிமையாளருக்குத் தன் இடத்தின் மேல் உள்ள உரிமை. அதை அவர் சார்பில் இவர் பயன்படுத்துகிறார். இரண்டு, இந்த நாட்டில் யாருக்கும் சட்டம் தந்திருக்கும் சில உரிமைகள். சீருடை போட்டதாலோ, ஏஜென்சிக்கு லைசென்ஸ் இருப்பதாலோ மூன்றாவதாக எதுவும் வந்து சேர்வதில்லை. பசாரா சட்டம் முழுக்கத் தேடினாலும் கைது செய்யும் அதிகாரமோ, சோதனையிடும் அதிகாரமோ தரும் பிரிவு கிடையாது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: செக்யூரிட்டி பாதிப் போலீஸ் அல்ல. உரிமையாளரின் பிரதிநிதி, கூடவே ஒரு சாதாரணக் குடிமகன். இனி வரும் எல்லாக் கேள்விகளுக்கும் விடை இதிலிருந்துதான் பிறக்கிறது.

வாசலில்: உள்ளே விடுவதும் விடாததும்

மால், தியேட்டர் போன்றவை மக்கள் கூடும் இடங்கள்தான், ஆனால் தனியாருக்குச் சொந்தமானவை. உள்ளே வர நிபந்தனை வைக்கலாம். "பையைக் காட்டுங்கள்", "மெட்டல் டிடெக்டர் வழியாக வாருங்கள்" என்பதெல்லாம் அப்படிப்பட்ட நிபந்தனைகள். நீங்கள் சம்மதித்தால் சோதனை நடக்கும். மறுத்தால் "அப்படியானால் உள்ளே விட முடியாது" என்று சொல்லலாம். அவர் கையில் இருப்பது அவ்வளவுதான். மறுத்தவரின் பையைப் பிடுங்கிப் பார்ப்பதோ, திரும்பிப் போகிறவரை வழிமறிப்பதோ அந்த நிபந்தனைக்குள் வராது. பெண்களைத் தொட்டுச் சோதிப்பதென்றால் பெண் பாதுகாவலர்தான் செய்ய வேண்டும், அதுவும் சம்மதத்தோடு.

உரிமையாளரின் விருப்பத்துக்கும் எல்லை உண்டு. அரசியலமைப்பின் பிரிவு 15(2), மதம், இனம், சாதி, பாலினம், பிறந்த இடம் ஆகியவற்றை மட்டும் காரணமாக வைத்து கடை, உணவகம், விடுதி, பொழுதுபோக்கு இடங்களில் ஒரு குடிமகனைத் தடுக்கக் கூடாது என்கிறது. பட்டியல் சாதி, பழங்குடி மக்களைச் சாதியின் பேரால் தடுத்தால் அது தனிச் சட்டங்களின் கீழ் தண்டனைக்குரிய குற்றம். மாற்றுத்திறனாளிகளைப் பாகுபடுத்துவதை 2016-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. அழுக்கு வேட்டியோடு வந்த பெரியவரை ஒதுக்கி நிறுத்துவது எந்தப் பிரிவில் வரும் என்று வழக்கறிஞர்கள் வாதிடலாம். அது தவறு என்று சொல்ல எனக்கு எந்தப் பிரிவும் தேவையில்லை.

உள்ளே வந்த ஒருவரை வெளியே போகச் சொல்லலாமா? சொல்லலாம், அதுவும் உரிமையாளரின் உரிமைதான். போக மறுத்து மிரட்டுவது, அவமதிப்பது போன்ற நோக்கத்தோடு அங்கேயே நின்றால் அது அத்துமீறல் என்ற குற்றமாகும்; போலீஸைக் கூப்பிட வேண்டியதுதான்.

கேட்டுக்கு வெளியே இருக்கும் சாலை பொதுச் சாலை. அங்கே நடப்பவரை விரட்டவோ, வண்டிச் சாவியைப் பிடுங்கவோ, படம் எடுப்பவரின் போனை வாங்கிப் படத்தை அழிக்கவோ செக்யூரிட்டிக்கு எந்த உரிமையும் இல்லை.

பிடித்து வைக்கலாமா?

குழப்பம் அதிகம் இங்கேதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. அதன் பிரிவு 40, தனிநபர் செய்யும் கைதைப் பற்றியது. போலீஸ் அல்லாத எவரும் இன்னொருவரைப் பிடிக்கலாம். ஆனால் குற்றம் அவர் முன்னிலையில் நடந்திருக்க வேண்டும். அது பிடியாணை இல்லாமல் போலீஸ் கைது செய்யத்தக்க குற்றமாகவும், ஜாமீனில் வர முடியாத குற்றமாகவும் இருக்க வேண்டும். நீதிமன்றம் தேடப்படும் குற்றவாளி என்று அறிவித்தவரையும் பிடிக்கலாம்.

இரண்டு சொற்களை இங்கேயே தெளிவாக்கிக்கொள்வோம். சில குற்றங்களில் நீதிமன்ற ஆணைக்குக் காத்திராமல் போலீஸ் உடனே கைது செய்யலாம். சிலவற்றில் அப்படிச் செய்ய முடியாது. முதல் வகைதான் பிடியாணை இல்லாமல் கைது செய்யத்தக்க குற்றம். ஜாமீனில் வர முடியாத குற்றம் என்றால் ஜாமீன் கிடைக்கவே கிடைக்காது என்று பொருளல்ல. உரிமையாகக் கேட்க முடியாது, கொடுப்பதா வேண்டாமா என்பதை நீதிமன்றம் முடிவு செய்யும்.

கண் முன்னால் ஒருவன் பெண்ணின் கழுத்துச் சங்கிலியைப் பறித்துக்கொண்டு ஓடுகிறான், செக்யூரிட்டி துரத்திப் பிடிக்கிறார். மேலே சொன்ன எல்லாமே பொருந்துகிறது. கூட்டத்தில் ஒருவன் ஒரு பெண்ணிடம் அவள் மானத்துக்குப் பங்கம் செய்யும் விதத்தில் கை வைப்பதைப் பார்த்துப் பிடித்தாலும் அப்படியே. ஆனால் இரண்டு பேர் ஆளுக்கொரு அறை விட்டுக்கொண்டால்? லேசான காயம் ஏற்படுத்துவது ஜாமீனில் வரக்கூடிய குற்றம். இடையில் புகுந்து விலக்கிவிடலாம், விலக்கவும் வேண்டும். கைது செய்ய முடியாது.

'முன்னிலையில்' என்ற சொல்லையும் கவனியுங்கள். சந்தேகம் போதாது. "இவன்தான் நேற்று எடுத்தான்" என்று யாரோ சொன்னது போதாது. கேமராப் பதிவைச் சாயங்காலம் ஓட்டிப் பார்த்து மறுநாள் ஆளைப் பிடிப்பதும் பிரிவு 40-க்குள் அடங்காது. அந்தப் பதிவு நல்ல சாட்சியம், அதைப் போலீஸிடம் கொடுக்க வேண்டும்.

அலாரம் அடித்தால் என்ன அர்த்தம்?

கடை வாசலில் இரு பக்கமும் நிற்கும் தூண்கள் 'பீப்' என்று கத்துகின்றன. எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள். உடையில் மாட்டிய டேக்கை கேஷியர் கழற்ற மறந்திருக்கலாம், வேறு கடையில் வாங்கிய பொருளின் டேக் உயிரோடு இருக்கலாம், எடுத்தும் இருக்கலாம். அலாரம் சொல்வது ஒன்றுதான்: இங்கே ஒரு டேக் இருக்கிறது. யாரும் திருடுவதை அது பார்க்கவில்லை, செக்யூரிட்டியும் பார்க்கவில்லை.

அந்த நொடியில் அவர் செய்யக்கூடியது கேட்பது. "சார், டேக் கழற்றாமல் விட்டிருப்பார்கள் போல, ஒரு நிமிஷம் பில்லைப் பார்க்கலாமா?" பெரும்பாலும் இதிலேயே முடிந்துவிடும். வெளியே போகும்போது பில்லில் துளை போடும் வழக்கமும் இப்படித்தான், நம் ஒத்துழைப்பில் நடக்கிறது. காசு கொடுத்து வாங்கிய பொருள் நமக்குச் சொந்தமாகிவிட்டது. அதைத் திரும்பக் காட்டச் சொல்வது வேண்டுகோள் மட்டுமே.

சரி, ஒருவர் சட்டைக்குள் பொருளைச் செருகுவதைச் செக்யூரிட்டி கண்ணாலேயே பார்த்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். திருட்டு பொதுவாக ஜாமீனில் வர முடியாத குற்றம்தான். ஆனால் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்திருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 303 ஒரு புதிய வாசலைத் திறந்திருக்கிறது. பொருளின் மதிப்பு ரூ.5,000-க்குக் குறைவாக இருந்து, முதல் முறை குற்றவாளியாகி, பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால் தண்டனை சமூக சேவை. இந்த வகைத் திருட்டு, பிடியாணை இல்லாமல் கைது செய்ய முடியாத, ஜாமீனில் வரக்கூடிய குற்றங்களின் பட்டியலில் இருக்கிறது. மறுபக்கம், கடையைப் 'பொருள்களைப் பாதுகாத்து வைக்கும் கட்டடம்' என்று கொண்டு பிரிவு 305-இல் வழக்குப் பதிவானால் அது ஏழாண்டு வரை சிறைக்குரிய, ஜாமீனில் வர முடியாத குற்றம். எது பொருந்தும் என்பதைப் போலீஸும் நீதிமன்றமும் தீர்மானிக்கும். வாசலில் நிற்பவர் ஒரு சாக்லேட் டப்பாவை வைத்துக்கொண்டு அதைத் தீர்மானிக்க முடியாது. அதனால்தான் சொல்கிறேன்: சின்னத் திருட்டில் ஆளை இறுக்கிப் பிடிப்பதைவிட, பொருளை மீட்டுக்கொண்டு விவரத்தைக் குறித்து, போலீஸுக்குச் சொல்வதுதான் செக்யூரிட்டிக்குப் பாதுகாப்பு.

பிடித்த பிறகு

சரியான காரணத்தோடு பிடித்தாலும் கடிகாரம் ஓடத் தொடங்கிவிடுகிறது. தேவையில்லாத தாமதம் இல்லாமல் ஆளைப் போலீஸிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது பழைய சட்டத்திலும் இருந்தது. புதிய சட்டம் ஆறு மணி நேரம் என்ற உச்ச வரம்பையும் சேர்த்திருக்கிறது. இது ஆறு மணி நேரம் வைத்து விசாரிக்கத் தந்த அனுமதி அல்ல. பத்து நிமிடத்தில் போலீஸ் வரக்கூடிய இடத்தில் இரண்டு மணி நேரம் உட்காரவைத்தால் அது தேவையில்லாத தாமதம்தான்.

அந்த நேரத்தில் நடப்பவைதான் பெரும்பாலும் குற்றங்களாக மாறுகின்றன. மன்னிப்புக் கடிதம் எழுதி வாங்குவது. படம் எடுத்துச் சுவரில் ஒட்டுவது. "பத்து மடங்கு கட்டினால் விட்டுவிடுகிறோம், இல்லையென்றால் வீட்டுக்குச் சொல்லிவிடுவோம்" என்பது. அபராதம் விதிக்கக் கடைக்கு அதிகாரமே கிடையாது. மானம் போகும் என்று மிரட்டிப் பணம் வாங்கினால் அது பணப்பறிப்புக் குற்றமாகக்கூடும். காரணமில்லாமல் ஒருவரைப் போகவிடாமல் வழிமறித்தால் ஒரு மாதம் வரை, அடைத்து வைத்தால் ஓராண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடமுண்டு. கையைக்கூடத் தொடாமல் கதவருகே நின்று மறித்தாலே போதும், அது குற்றமாகலாம்.

சோதனையில் சட்டம் இன்னும் தெளிவாக இருக்கிறது. தனிநபர் ஒருவர் கைது செய்திருந்தால், பிடிபட்டவரைச் சோதனையிட வேண்டியவர் அவரை ஏற்றுக்கொள்ளும் போலீஸ் அதிகாரி என்கிறது நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 49. முறையாகப் பிடித்த ஆளின் சட்டைப்பைக்குள்கூடச் செக்யூரிட்டி கை விடச் சட்டம் அனுமதி தரவில்லை! விதிவிலக்கு ஒன்றே ஒன்று: ஆபத்தான ஆயுதம் ஏதாவது வைத்திருந்தால், பிடித்தவர் அதை உடனே வாங்கிக்கொள்ளலாம்.

சுருக்கமாக: கண்ணால் பார்த்த கடுமையான குற்றத்தில் பிடிக்கலாம், உடனே ஒப்படைக்க வேண்டும். விசாரணை, சோதனை, அபராதம் எதுவும் செக்யூரிட்டியின் வேலை அல்ல.

அடிக்கலாமா? துப்பாக்கி இருந்தால்?

தற்காப்புரிமை என்பது தன் உடலையோ பிறர் உடலையோ, தன் சொத்தையோ பிறர் சொத்தையோ காக்கத் தேவையான அளவு பலத்தைப் பயன்படுத்தும் உரிமை. பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையான பிரிவுகள் இதைச் சொல்கின்றன. எல்லோருக்கும் உள்ள உரிமை இது, செக்யூரிட்டிக்கும் உண்டு. தடுக்கத் தேவையானதைவிட அதிகமான தீங்கு செய்யக் கூடாது என்பதும், அரசு அதிகாரிகளின் உதவியை நாட நேரம் இருக்கும்போது இந்த உரிமை எழாது என்பதும் அதன் எல்லைகள்.

பையோடு ஓடுபவனைத் தடுத்து விழவைக்கலாம். விழுந்தவன் பையை விட்டுவிட்டுக் கையெடுத்துக் கும்பிடும்போது லத்தியால் அடித்தால் அது தற்காப்பு அல்ல, தாக்குதல். வங்கி வாசலில் நிற்பவரின் துப்பாக்கிக்கும் இதே கணக்குதான். ஆயுதச் சட்டத்தின் கீழ் உரிமம் இருப்பது துப்பாக்கியை வைத்திருக்க அனுமதி. சுட அனுமதி அல்ல. அவர் சுட்டது சரியா என்பதைத் தற்காப்புரிமையின் அளவுகோலில்தான் நீதிமன்றம் பார்க்கும்.

கடமைகள்: விசிலும் நோட்டுப் புத்தகமும்

எதைச் செய்யக் கூடாது என்றே பேசிவிட்டோம். செய்ய வேண்டியவை குறைவல்ல.

மத்திய அரசு வெளியிட்ட மாதிரி விதிகளைப் படித்தால், ஒரு செக்யூரிட்டி எப்படி இருக்க வேண்டும் என்று சட்டம் நினைக்கிறது என்பது நன்றாகத் தெரியும். கயிற்றில் கட்டிய விசில் இடது பாக்கெட்டில் இருக்க வேண்டும். நோட்டுப் புத்தகமும் எழுதுகோலும் வைத்திருக்க வேண்டும். படத்தோடு கூடிய அடையாள அட்டையை இடுப்புக்கு மேலே, எல்லோருக்கும் தெரியும்படி அணிந்திருக்க வேண்டும். பார், குறித்துக்கொள், கூப்பிடு என்பதற்கான கருவிகள் இவை. 100 மணி நேர வகுப்பும் 60 மணி நேரக் களப்பயிற்சியும் அந்த விதிகளில் உண்டு. தீயணைப்பு, முதலுதவி, கூட்டத்தைக் கட்டுப்படுத்துதல், தற்காப்புரிமை, எஃப்.ஐ.ஆர். பதிவு செய்யும் முறை எல்லாம் பாடத்திட்டத்தில் இருக்கின்றன.

பணியில் இருக்கும்போது சட்டமீறல் எதையாவது பார்த்தால் தன் மேலதிகாரிக்குச் சொல்ல வேண்டும், மேலதிகாரி போலீஸுக்குத் தெரிவிக்க வேண்டும். இது பசாரா சட்டத்தின் பிரிவு 18 விதிக்கும் நேரடிக் கடமை. பணியில் தெரிந்துகொண்ட தகவலை வெளியாருக்குச் சொல்லக் கூடாது என்பதும் அதே பிரிவில்தான் இருக்கிறது. கேமராவில் பதிவான ஒரு பெண்ணின் படத்தை வாட்ஸ்அப் குழுவில் போடுபவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

போலீஸ், ராணுவச் சீருடையையோ அதைப்போலத் தோன்றும் உடையையோ அணிந்தால், அணிந்தவருக்கும் ஏஜென்சி உரிமையாளருக்கும் ஓராண்டு வரை சிறை அல்லது ரூ.5,000 வரை அபராதம், அல்லது இரண்டும். "நான் போலீஸ்" என்று சொல்லி அந்தத் தோரணையில் நடந்துகொண்டால் அரசு ஊழியராக ஆள்மாறாட்டம் செய்த குற்றம். அதற்குக் குறைந்தது ஆறு மாதம், அதிகபட்சம் மூன்று ஆண்டு சிறை.

வேலையில் நிற்பவரின் பக்கம்

18 வயது நிரம்பி 65 வயதை எட்டாத யாரும், நன்னடத்தைச் சரிபார்ப்பும் பயிற்சியும் உடற்தகுதியும் இருந்தால் இந்த வேலைக்கு வரலாம். நடப்பில் ஊரைவிட்டு வந்து, பன்னிரண்டு மணி நேரம் நின்றுகொண்டு, யார் யாரோ கத்துவதைக் கேட்டுக்கொண்டிருப்பவர்கள் பலர். பயிற்சி பெயருக்கு நடந்திருக்கும். "யாரையும் விடாதே, பிடிச்சு உள்ளே உட்கார வை" என்ற மேனேஜரின் கட்டளைதான் அவருக்குத் தெரிந்த சட்டம். வழக்கு வரும்போது "மேனேஜர் சொன்னார்" என்பது அவரைக் காப்பாற்றாது. கட்டளையிட்டவரும் ஏஜென்சியும் பொறுப்பேற்க வேண்டி வரும், ஆனால் கையை நீட்டியவர் முதல் ஆளாக நிற்பார். மேனேஜர்கள் இதைப் புரிந்துகொண்டு கட்டளையிட வேண்டும்.

சம்பளமும் அவர்கள் கருணையைப் பொறுத்ததல்ல. பசாரா சட்டம் இயற்றப்பட்டபோதே குறைந்தபட்ச ஊதியம், வருங்கால வைப்பு நிதி, பணிக்கொடை உள்ளிட்ட தொழிலாளர் சட்டங்கள் அதன் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. அவற்றை மீறினால் ஏஜென்சியின் லைசென்ஸே ரத்தாகலாம்.

தகராறு வந்துவிட்டால்

நீங்கள் வாடிக்கையாளர் என்றால், குரலை உயர்த்தாமல் முதலில் கேட்க வேண்டியது: "என்ன காரணத்துக்காக நிறுத்துகிறீர்கள்? நான் போகலாமா?" போகலாம் என்றால் போய்விடுங்கள். போகக் கூடாது என்றால், "போலீஸைக் கூப்பிடுங்கள், அவர்கள் முன்னால் பையைத் திறக்கிறேன்" என்று சொல்லுங்கள். நீங்களே 112-ஐ அழைக்கவும் செய்யலாம். தள்ளுமுள்ளு வேண்டாம். அடையாள அட்டையில் உள்ள பெயரையும் ஏஜென்சியையும் குறித்துக்கொள்ளுங்கள், கேமராப் பதிவை அழிக்கக் கூடாது என்று கடைக்கு எழுத்தில் கொடுங்கள்.

நீங்கள் செக்யூரிட்டி என்றால், பார்த்ததையும் நேரத்தையும் அப்போதே நோட்டில் எழுதுங்கள். சூப்பர்வைசருக்குச் சொல்லுங்கள். கதவை மூடாதீர்கள், சாட்சிக்கு ஒருவரை, பெண் என்றால் ஒரு பெண்ணை, கூடவே நிற்க வையுங்கள்.

போலீஸ் புகார் தவிர இன்னொரு வழியும் இருக்கிறது. ஏஜென்சிகளுக்கு லைசென்ஸ் கொடுக்க ஒவ்வொரு மாநிலத்திலும் உள்துறையின் இணைச் செயலாளர் நிலைக்குக் குறையாத ஒருவரைக் கட்டுப்படுத்தும் அதிகாரியாக நியமிக்கச் சொல்கிறது பசாரா சட்டம். லைசென்ஸை நிறுத்தி வைக்கவும் ரத்து செய்யவும் அவருக்கு அதிகாரம் உண்டு. தன் பணியாளர் அரசு ஊழியர்போல ஆள்மாறாட்டம் செய்ய ஏஜென்சி இடம் கொடுத்திருந்தால், அது ஒன்றே ரத்துக்குப் போதுமான காரணம். புகாரை எழுத்தில், அடையாள அட்டை விவரத்தோடு அவருக்கு அனுப்பலாம்.